தவறைத் திருடியவன்

ராஜாங்கம் மேடையில் நின்று அழுதான். அழுகிற மாதிரி நின்றான் என்பதுதான் சரி. கண்ணாடியைக் கழற்றி, கைக்குட்டையால் ஒரு கண்ணை மட்டும் ஒற்றி, மறுபடி மாட்டிக்கொண்டு வாசிப்பைத் தொடர்ந்தான்.

"போன வருஷம் நான் மலைப்பள்ளியில் இருந்தபோது நடந்தது இது. விடுமுறையில் என்ன செய்தாய் என்று ஆங்கிலத்தில் கேட்டேன். அந்தப் பெண் வாய் திறக்கவில்லை. பாடவேளை முடிகிறவரை அவளை நிற்க வைத்தேன். மறுநாள்தான் தெரிந்தது, விடுமுறை முழுக்க அவள் மணலூர்பேட்டைப் பக்கம் அப்பா அம்மாவோடு கரும்பு வெட்டிக்கொண்டிருந்தாள் என்று. நான் கேட்டது அவளுடைய விடுமுறையை அல்ல, என்னுடைய விடுமுறையை. கடற்கரை, ரயில், மாமா வீடு. அது அவளிடம் இல்லை. இருப்பதைச் சொன்னால் நான் ஏற்றுக்கொள்வேனா என்று அவளுக்குத் தெரியவில்லை."

கள்ளக்குறிச்சி வட்டாரத்தில் ஆறு முதல் பத்தாம் வகுப்பு வரை ஆங்கிலம் எடுக்கும் ஆசிரியர்கள் அந்தக் கூடத்தில் நிறைந்திருந்தார்கள். முன்வரிசையில் இருந்த கல்வி அலுவலர் அம்மா எழுந்து நின்று கைதட்டினார்.

"தன் தப்பை இவ்ளோ நேர்மையா ஒத்துக்கிட்டு எழுதின ஆசிரியரை நான் பாத்ததே இல்ல," என்றார்.

நாலாவது வரிசையில் இருந்த ஷர்புன்னிசா கைதட்டவில்லை. அந்தப் பெண்ணை நிற்க வைத்தது அவள். கரும்பு வெட்டியதைக் கண்டுபிடித்தது அவள். அந்த நாலு வரியை எழுதுவதற்குள் பேனாவை எத்தனையோ முறை கீழே வைத்தவளும் அவள்தான். அவன் பாராட்டைத் திருடியிருந்தால்கூட அவளுக்கு இவ்வளவு எரிந்திருக்காது. அவள் செய்த தவறையே திருடிக்கொண்டு போய்விட்டான். அவன் சொந்தமாகச் சேர்த்தது அந்தக் கண்ணீர் ஒன்றுதான். எழுதும்போது அவள் அழவில்லை.

இந்த எழுத்து வேலை ஜூன் மாதம் தொடங்கியது. ஒவ்வொரு வகுப்பு முடிந்ததும் நான்கு கேள்விகளுக்குப் பதில் எழுதுங்கள் என்று பயிற்சியில் சொன்னார்கள். என்ன செய்தேன், என்ன நடந்தது, ஏன் நடந்தது, நாளை எதை மாற்றுவேன். ஆங்கிலத்தில் எழுதினாலும் சரி, தமிழில் எழுதினாலும் சரி, எழுதித் திரும்பிப் பார்த்தால் ஆசிரியர் வளர்வார் என்றார்கள். எல்லோரும் தலையாட்டினார்கள். ஊருக்குப் போனதும் ஒருவர் எழுதியதைப் பார்த்து இன்னொருவர் எழுதினார்கள்.

அதில் யாருக்கும் உறுத்தல் இல்லை. பாடக்குறிப்பேடு அப்படித்தான் எழுதப்படுகிறது. போன வருஷத்து ஏட்டைப் பார்த்து இந்த வருஷத்து ஏடு, பக்கத்துப் பள்ளி ஏட்டைப் பார்த்து இந்தப் பள்ளி ஏடு. தலைமையாசிரியர் பக்கத்தைப் புரட்டாமல் கையெழுத்துப் போடுவார். ஏட்டைக் கேட்டும் கொடுக்காதவரைத்தான் ஆசிரியர் உலகம் கெட்டவர் என்று சொல்லும். கல்வராயன் மலையில் அந்த உயர்நிலைப் பள்ளிக்கு வேலைக்குப் போன புதிதில் ஷர்புன்னிசாவே ராஜாங்கத்தின் ஏட்டை வாங்கி வரிவரியாகப் பார்த்து எழுதியிருக்கிறாள். அவள் ஒன்பதும் பத்தும் எடுத்தாள். அவன் எட்டாம் வகுப்பு வரை எடுத்தான். எடுத்தான் என்பது பேச்சுக்கு. வகுப்பில் நின்றதைவிடத் தலைமையாசிரியர் அறையில் உட்கார்ந்து காப்பீட்டுப் பாலிசி பிடித்ததுதான் ஜாஸ்தி. ஜூன் கடைசியில் மாறுதல் வாங்கிக்கொண்டு கள்ளக்குறிச்சிக்கு இறங்கினான். இறங்குவதற்கு முன் அவளிடம் வந்தான்.

"மேடம், அந்த நாலு கேள்வி எனக்கு வரவே மாட்டேங்குது. நீங்க எழுதினது இருந்தா குடுங்க. ஒரு மாதிரிக்குத்தான்."

கொடுக்கக் கூச்சமாக இருந்தது. ஆனாலும் கொடுத்தாள். கேட்டால் கொடுக்க வேண்டும், அதுதான் வழக்கம்.

தேநீர் இடைவேளையில் அவனே அவளைத் தேடி வந்தான். கையில் வடை இருந்தது.

"இன்னா மேடம், எப்டி இருந்துச்சு?"

"அது நான் எழுதினது சார்."

"ஆமாம் மேடம், இல்லன்னு யாரு சொன்னா? நல்லாத்தான் எழுதியிருந்தீங்க. உணர்ச்சிதான் கொஞ்சம் கம்மி. அதை நான் சேத்துக்கினேன்." வடையின் மறுபாதியை வாயில் போட்டான். "ஏன் மேடம் மொகத்த அப்டி வெச்சிக்கினு இருக்கீங்க? என் பாடக்குறிப்ப நீங்க பாத்து எழுதலியா? நான் எதுனா கேட்டனா?"

அவன் சொன்னது உண்மைதான். அதுதான் அவளை எரித்தது. அன்று மாலை அவனைக் கருத்தாளராக அறிவித்தார்கள். இனி மற்ற ஆசிரியர்களுக்கு எழுதக் கற்றுத்தரப் போகிறவன் அவன்.

வீட்டுக்குப் போகாமல் நேராகக் கடைவீதிக்குப் போனாள். அவள் கணவர் ஜாபர் அங்கே செருப்புக்கடை வைத்திருந்தார். வாடிக்கையாளர் ஒருவருக்குச் செருப்பை மாட்டிவிட்டுக்கொண்டே அவள் சொன்னதையெல்லாம் கேட்டார். அந்த ஆள் போனதும் நிமிர்ந்தார்.

"புகார் எழுதிக் குடு."

"இன்னா ஆதாரம் இருக்குது? என் கையெழுத்துத் தாள் அவன்கிட்ட இருக்குது. அத டைப் அடிச்சிக்கினான்."

"அப்ப வுட்டுடு."

"வுட மாட்டேங்க."

"ஷர்பு, நீ சொல்றத யோசிச்சுப் பாரு. பொண்ண நிக்க வெச்சது நீ. அந்தப் பழிய அவன் தலையில தூக்கி வெச்சிக்கினு போறான். ஒனக்கு லாபம்தானே?"

அவர் வேடிக்கையாகச் சொன்னார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

"அந்தத் தப்பு என்னுதுங்க," என்றாள். "அதப் பண்ணதுக்கு நான் பட்ட அசிங்கம் என்னுது. எழுதினப்ப என் கைதான் கூசிச்சு. அவன் இன்னா பட்டான்? வடை துன்றான்."

"சரி, இன்னா பண்ணப் போற?"

"மறுபடி கேப்பான். குடுப்பேன்."

ஜாபர் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, கலைந்து கிடந்த செருப்புகளை ஜோடி சேர்க்க ஆரம்பித்தார்.

அன்றிலிருந்து அவள் வெறியோடு எழுதினாள். வளர வேண்டும் என்பதற்காக அல்ல. அவன் எதைத் திருடுகிறான் என்பது தனக்குத் துல்லியமாகத் தெரிய வேண்டும் என்பதற்காக. மற்றவர்கள் வாரம் ஒருமுறை ஒப்புக்கு எழுதியபோது அவள் தினமும் எழுதினாள். கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறும் பேருந்தில் எழுத முடியாது, வளைவுக்கு வளைவு பேனா எகிறும். அதனால் மதியம் சாப்பிட்ட கையோடு உட்கார்ந்தாள். தமிழில்தான் எழுதினாள். அவளுக்குக் கோபம் தமிழில்தான் வரும்.

எழுதியதில் பாதி ஒரே புலம்பல். பிள்ளைகள் பேசவில்லை. இன்றும் பேசவில்லை. ஆயம்மாள் பேசவில்லை. ஆயம்மாள்தான் அன்று நின்ற ஒன்பதாம் வகுப்புப் பெண். ஆகஸ்டில் மலைக்கு மெட்ராஸ் ஐ வந்தது. ஷர்புன்னிசாவுக்கும் வந்தது. விடுப்பு கையில் இல்லாததால் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு போனாள். பிள்ளைகளுக்கு ஒட்டிவிடக் கூடாதென்று அந்த வாரம் முழுக்கப் பலகையைப் பார்த்தபடியே பாடம் எடுத்தாள். கண் சரியான பிறகு, ராஜாங்கத்தின் மீது இருந்த கடுப்பில் பழைய பக்கங்களை வரிசையாகப் படித்தபோது ஒன்று தட்டுப்பட்டது. அந்த ஒரு வாரம் மட்டும் புலம்பல் இல்லை. 'சின்னதுரை இரண்டு வாக்கியம் சொன்னான்.' 'பின்வரிசையிலிருந்து யாரோ என்னைத் திருத்தினார்கள்.' 'ஆயம்மாள் ஆட்டுக்குட்டியைப் பற்றிச் சொன்னாள்.' எழுதிய நாளில் அவளுக்கே இது உறைக்கவில்லை. கண் எரிச்சலில் எழுதித் தள்ளியிருந்தாள்.

மறுநாள் வேண்டுமென்றே முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். பலகையைப் பார்த்தபடி கேள்வி கேட்டாள். முதலில் ஒன்றுமில்லை. பிறகு ஒரு வார்த்தை வந்தது. வந்ததை அப்படியே பலகையில் எழுதினாள், யார் சொன்னது என்று கேட்கவில்லை. இன்னொன்று வந்தது. பாடவேளை முடிவதற்குள் பலகையில் பாதி நிரம்பிவிட்டது. ஒரு கட்டத்தில் ஆசையாகத் திரும்பிப் பார்த்தாள். எல்லா வாயும் ஒரே நேரத்தில் மூடிக்கொண்டன. அந்தப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் வராமல் இல்லை. ஆங்கிலம் பேசும்போது ஒருவர் தங்கள் முகத்தைப் பார்ப்பதுதான் அவர்களுக்கு ஆகவில்லை. பதினொரு வருஷம் அவள் இப்படிப்பட்ட முகங்களை உற்றுப் பார்த்து உற்றுப் பார்த்தே அடைத்து வைத்திருந்தாள்.

இதை அவள் எழுதினாள். யாருக்கும் கொடுக்கவில்லை.

செப்டம்பரில் அவன் அழைத்தான். "மேடம், திருக்கோவிலூர்ல ஒரு கூட்டம். புதுசா ஒரு முறை சொல்லணுமாம். நீங்க எதுனா எழுதி வெச்சிக்கினு இருப்பீங்களே? வாட்ஸ்அப்புல போட்டா போதும்."

"போடறேன் சார்."

அவனுக்காகவே ஒன்று எழுதினாள். அது நிஜத்தைத் தலைகீழாகப் பிடித்த மாதிரி இருந்தது. ஒவ்வொரு பிள்ளையையும் பெயர் சொல்லி முன்னால் அழைத்தேன். கண்ணோடு கண் பார்த்தேன். தோளில் கை வைத்தேன். வாய் திறக்காத பிஞ்சு உள்ளங்கள் மலையருவி போல ஆங்கிலத்தைக் கொட்டின. பிஞ்சு உள்ளம், மலையருவி இரண்டையும் யோசித்துத்தான் போட்டாள். அவன் ருசி அவளுக்குத் தெரியும். ஆனால் பொய் லேசில் எழுத வரவில்லை. எந்தப் பிள்ளை எப்படி நிற்கும், முன்னால் கூப்பிட்டால் யார் கை எங்கே போகும், யார் பெஞ்சைப் பிடித்துக்கொள்வார்கள் என்பதெல்லாம் தெரிந்தால்தான் பொய் நம்பும்படி இருக்கும். அதற்காக வகுப்பை முன்னைவிடக் கூர்ந்து கவனித்தாள். பழிவாங்கக் கவனித்தது பாடம் எடுக்கவும் உதவியது. அது அவளுக்கு எரிச்சலாகக்கூட இருந்தது.

திருக்கோவிலூரில் ராஜாங்கம் அதைப் போன வருஷம் மலைப்பள்ளியில் தான் செய்ததாக வாசித்தான். அதற்கு 'நேருக்கு நேர் முறை' என்று பெயரும் வைத்திருந்தான். அருவி வந்தபோது கையை மேலிருந்து கீழே அலையலையாக இறக்கிக் காட்டினான். கைதட்டல் அடங்கியதும் ஷர்புன்னிசா எழுந்தாள்.

"சார் அந்தப் பசங்களுக்கே ஒரு மாதிரி வகுப்பு எடுத்துக் காட்டினா எங்களுக்கு ஒதவியா இருக்கும்ங்க. அவங்க இப்ப என் வகுப்புலதான் இருக்காங்க."

அலுவலர் அம்மாவின் முகம் மலர்ந்தது. "நல்ல யோசனை. நானும் வரேன். என்ன சார்?"

"தாராளமா மேடம்!" என்றான் ராஜாங்கம். அவன் முகத்தில் ஒரு துளி பயம் இல்லை. தாளில் இருப்பது நடந்ததுதான் என்று அவன் நம்பினான். அவள் எழுதினால் அது நிஜமாகத்தான் இருக்கும் என்பது அவன் அனுபவம்.

அன்று பேருந்தில் அவள் தனக்குத்தானே சிரித்துக்கொண்டாள். அடுத்த நாள் மதியம், பழக்க தோஷத்தில், இதையும் நான்கு கேள்விகளில் போட்டு எழுதினாள். என்ன செய்தேன்: பொறி வைத்தேன். என்ன நடக்கும்: அவன் கேட்பான், பிள்ளைகள் வாய் திறக்கமாட்டார்கள். அடுத்தது? பேனா அங்கே நின்றது. அடுத்தது என்னவென்று அவளுக்குத் தெரியும். மலைப் பசங்களுக்கு அடிப்படையே இல்லை என்பார்கள். அவன் தோற்றால் பிள்ளைகள் தோற்றதாகத்தான் எழுதுவார்கள். அவன் வருத்தமாகத் தலையாட்டிவிட்டு ஜீப்பில் ஏறிப் போய்விடுவான். இது பழியே இல்லை. பிள்ளைகளை இன்னொரு முறை நிற்க வைப்பது.

நான்காவது கேள்விக்கு அவள் எழுதிய பதில் நீளமானது. பாடம் நடத்துவதில் அவளைத் திருத்திய அதே கேள்விகள் பழிவாங்குவதிலும் அவளைத் திருத்தின.

அடுத்த நாளிலிருந்து ஒவ்வொரு பாடவேளையின் கடைசியிலும் ஒரு வேலை வைத்தாள். பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டு, "இன்றைக்கு இந்த அறையில் என்ன நடந்தது? நடந்ததை மட்டும் சொல்லுங்கள்," என்று ஆங்கிலத்தில் கேட்பாள். பிள்ளைகள் சொல்வார்கள், அவள் எழுதுவாள். ஆரம்பத்தில் 'டீச்சர் வந்தார், டீச்சர் எழுதினார்' என்று வந்தது. போகப் போக, 'டீச்சர் கேள்வி கேட்டுவிட்டு டீச்சரே பதில் சொல்லிவிட்டார்' என்று வந்தது. 'டீச்சர் குஞ்சம்மாளை மறந்துவிட்டார், அவளைக் கேட்கவே இல்லை' என்று வந்தது. சில நாள் முதுகில் அடி விழுந்த மாதிரி இருக்கும். எழுதுவாள். பொறியைப் பற்றிப் பிள்ளைகளிடம் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

மாதிரி வகுப்பு நாள் வந்தது. அலுவலர் அம்மாவின் ஜீப்பிலேயே ராஜாங்கம் வந்து இறங்கினான். வேனில் பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் வந்தார்கள். தலைமையாசிரியர் ஆதிமூலம் எல்லோருக்கும் தேன் கலந்த எலுமிச்சைச் சாறு கொடுத்துக்கொண்டு பதற்றமாக அலைந்தார்.

"ஏம்மா, பசங்க பேசுவாங்களா?" என்று அவளைத் தனியாக இழுத்துக் கேட்டார்.

"சார்தான எடுக்கறாரு? அவரக் கேளுங்க."

"அவன் இங்க இருந்தப்ப எனக்குக்கூட ஒரு பாலிசி போட்டுட்டாம்மா. அதான் பயமா இருக்குது."

விருந்தினர்களுக்கு வகுப்பின் பின்சுவரை ஒட்டி நாற்காலி போட்டிருந்தது. ராஜாங்கம் முன்னால் போய் நின்று ஒரு கதையோடு ஆரம்பித்தான். மலையில் இருந்தபோது தான் ஒரு பெண்ணை நிற்க வைத்ததையும், அவள் கரும்பு வெட்டியதையும், தான் மனம் மாறியதையும் ஆங்கிலத்தில், நிறுத்தி நிறுத்தி, ஏற்ற இறக்கத்தோடு சொன்னான். அந்தப் பெண் மூன்றாவது பெஞ்சில் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவனுக்கு அவளைத் தெரியவில்லை. போன வருஷம் முழுக்க அவன் வகுப்பு அது, இருந்தும் தெரியவில்லை.

பிறகு பெயர் சொல்லி அழைத்தான். சின்னதுரை வந்தான். ராஜாங்கம் அவன் தோளில் கை வைத்துக் கண்ணைப் பார்த்துக் கேட்டான். சின்னதுரை அவன் சட்டைப் பொத்தானைப் பார்த்தான். அடுத்தவள் வந்தாள். அடுத்தவன் வந்தான். ஒருவரும் வாய் திறக்கவில்லை. ராஜாங்கத்தின் குரல் உயர்ந்தது, சிரிப்பு இறுகியது. வருகைப் பதிவைப் பார்த்து ஆயம்மாளை அழைத்தான். விடுமுறைக்கு எங்கே போனாய் என்று கேட்டான். அவள் தரையைப் பார்த்தாள். மறுபடி கேட்டான். மறுபடியும் கேட்டான்.

"இன்னாம்மா, நாக்க வூட்லயே வெச்சிட்டு வந்துட்டியா?" என்று தமிழில் கேட்டு, பின்னால் இருந்தவர்களைப் பார்த்துச் சிரித்தான். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள்.

ஷர்புன்னிசா சிரிக்கவில்லை, தலையைத் திருப்பவும் இல்லை. இது தான் ஏற்பாடு செய்தது என்பது அவளுக்குத் தெரியும். அந்தப் பெண் நிற்கிற ஒவ்வொரு நிமிஷமும் தன் கணக்கில்தான் ஏறுகிறது என்பதும் தெரியும். எழுந்து போய் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை.

மணி அடித்தது. ராஜாங்கம் கைக்குட்டையால் இந்த முறை கழுத்தைத் துடைத்துக்கொண்டு பின்னால் வந்து உட்கார்ந்தான்.

"பசங்களுக்கு அடிப்படையே இல்ல போல இருக்கே," என்றார் அலுவலர் அம்மா.

"ஆமாங்க மேடம். நான் இருந்தப்பவும் இதே கததான். மலைப் பசங்கன்னா அப்டித்தான்."

அவன் சொல்லி முடித்த பிறகுதான் அது அவன் காதிலேயே விழுந்திருக்க வேண்டும். இந்தப் பிள்ளைகள்தான் அருவி மாதிரி கொட்டியவர்கள். அலுவலர் அம்மா புருவத்தைச் சுருக்கினார். மாதிரி வகுப்பு முடிந்தால் எல்லோரும் 'அருமை, அருமை' என்று சொல்லிவிட்டுச் சாப்பாட்டுக்குப் போவதுதான் வழக்கம். அதற்கு முன்பே ஷர்புன்னிசா எழுந்துவிட்டாள்.

"மேடம், எனக்குக் கொஞ்ச நேரம் குடுங்க. தெனமும் கடைசியில நாங்க ஒரு வேல செய்வோம். இன்னிக்கு மட்டும் வுட வேணாம்னு பாக்கறேன்."

முன்னால் போனாள். பிள்ளைகளைப் பார்க்கவில்லை. சுண்ணாம்புக்கட்டியை எடுத்தாள், எல்லோருக்கும் முதுகைக் காட்டி நின்றாள், வழக்கமான கேள்வியைக் கேட்டாள். இன்றைக்கு இந்த அறையில் என்ன நடந்தது?

பின்னால் யாரோ இருமினார்கள். பிறகு சின்னதுரையின் குரல், ஆங்கிலத்தில், திக்கித் திக்கி வந்தது. சார் என் தோளைப் பிடித்தார். எனக்கு வலித்தது. அவள் எழுதினாள். குஞ்சம்மாள் சொன்னாள்: சார் பெயரைப் படித்துக் கூப்பிட்டார். எங்கள் பெயர் சாருக்குத் தெரியாது. எழுதினாள். போன வருஷம் சார் எங்களுக்கு ஆசிரியர். போன வருஷம் சார் வகுப்புக்கு வரவில்லை. பெரிய சார் அறையில் உட்கார்ந்து பாலிசி எழுதினார். யாரோ அடக்க முடியாமல் சிரித்துவிட்டார்கள். அது தலைமையாசிரியர் ஆதிமூலம் மாதிரி இருந்தது. எழுதினாள். ஆயம்மாளைக் கேலி செய்தார். நாங்கள் பார்த்தோம். எழுதினாள்.

பிள்ளைகளுக்குத் தடை உடைந்துவிட்டது. ஒருவர் முடிக்குமுன் இன்னொருவர் ஆரம்பித்தார்கள். ஷர்புன்னிசாவின் கை பறந்தது. அவன் மேடையில் அழுத நாள் முதல் அவள் காத்துக் கிடந்தது இதற்குத்தான். அவன் முகத்தைப் பார்க்க வேண்டும். இந்த நிமிஷம் அந்த முகம் எப்படி இருக்கிறது என்று பார்த்தே ஆக வேண்டும். ஆனால் திரும்பினால் எல்லாம் நின்றுவிடும். அத்தனை வாயும் மூடிக்கொள்ளும். அவன் பிழைத்துக்கொள்வான்.

அப்போது ஆயம்மாள் பேசினாள். சத்தமாக இல்லை, தெளிவாக.

சார் ஒரு பெண்ணின் கதை சொன்னார். அது என் கதை. என்னை நிற்க வைத்தது சார் இல்லை. டீச்சர். இந்த வருஷம், ஜூன் மாதம், இந்த அறையில். முழுப் பாடவேளை. எனக்குக் கால் வலித்தது.

சுண்ணாம்புக்கட்டி பலகையில் பட்டபடி நின்றது. பின்னால் இருப்பவர்கள் எல்லோரும், பக்கத்துப் பள்ளிக்காரர்கள் உட்பட, இதைக் கேட்டார்கள். எழுதாமல் விடலாம். காதில் விழாத மாதிரி அடுத்ததைக் கேட்கலாம். ஆனால் அவனைக் கொல்லும் வாக்கியமும் இதுதான். அவன் திருடியது திரும்ப அவள் கைக்கு வர வேண்டுமென்றால் அது இப்படித்தான் வரும், அழுக்கோடு. எழுதினாள். என்னை நிற்க வைத்தது டீச்சர். பெரிய எழுத்தில், கோணாமல் எழுதினாள்.

நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. அலுவலர் அம்மா நடந்து வந்து பலகைக்குப் பக்கத்தில் நின்று மேலிருந்து கீழே படித்தார்.

"ராஜாங்கம் சார், இது என்ன?"

பின்னாலிருந்து அவன் குரல் வந்தது. "மேடம், ஏட்டக் குடுத்து வாங்கறது நமக்குள்ள வழக்கம்தானுங்களே மேடம்..."

"தப்பைக்கூடவா?"

அவள் திரும்பியபோது அவன் நாற்காலி காலியாக இருந்தது.

அன்று மாலைவரை அவள் ஒவ்வொருவராகப் பிடித்துக் கேட்டாள். தலைமையாசிரியரிடம் கேட்டாள்: "சார், அவரு மொகம் எப்டி இருந்துச்சு?"

"நான் எங்கம்மா பாத்தேன்? போர்டுல இன்னா வருதுன்னு பாத்துக்கினு இருந்தேன்."

வேனில் வந்த ஆசிரியைகளைக் கேட்டாள். அவர்களும் பலகையைத்தான் படித்துக்கொண்டிருந்தார்களாம். சின்னதுரையைக் கேட்டாள். அவன் அவளுடைய முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தானாம். அந்த அறையில் ஒரு மனிதன் சுக்குநூறாக உடைந்திருக்கிறான், பார்த்த ஆள் ஒருவர்கூட இல்லை. அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

அலுவலர் அம்மாவின் ஜீப் ராஜாங்கத்தை ஏற்றிக்கொள்ளாமல் இறங்கிவிட்டது. கருத்தாளர் பட்டியலிலிருந்து அவன் பெயரை எடுக்கச் சொல்லி அங்கேயே அலைபேசியில் சொல்லிவிட்டார் என்று ஆதிமூலம் சொன்னார். வேனிலும் அவனுக்கு யாரும் இடம் பிடித்து வைக்கவில்லை. சாயங்காலப் பேருந்தில் அவள் ஏறியபோது அவன் முன்பக்கம் ஜன்னலோரமாக உட்கார்ந்திருந்தான். பின்பக்கம்தான் அவளுக்கு இடம் கிடைத்தது. எண்ணெய் வைத்துச் சீவிய அவன் பின்னந்தலை மட்டும் தெரிந்தது. ஒரு வளைவு, இரண்டு வளைவு. அவன் திரும்பவே இல்லை.

அவள் எழுந்தாள். கம்பியை மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டு முன்னால் போனாள். கண்டக்டர், "எங்கம்மா போற, உக்காரு, வளைவு வருது," என்று கத்தினார். காதில் போட்டுக்கொள்ளாமல் ராஜாங்கத்துக்கு நேர் எதிரே போய் நின்று, குனிந்து, அவன் முகத்தைப் பார்த்தாள்.

முகம் வெளிறி, பச்சை பாரித்து, வியர்த்துக் கிடந்தது. உதடு நடுங்கியது. கண் கலங்கியிருந்தது. அது அவமானமா, கொண்டை ஊசி வளைவா என்று அவளால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. எவ்வளவு உற்றுப் பார்த்தும் முடியவில்லை. ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி அவன் ஒருமுறை குமட்டினான். பிறகு அவளை நிமிர்ந்து பார்த்தான்.

"மேடம், எலுமிச்சம்பழம் இருக்குதா?"

மலைப் பேருந்தில் போய்வரும் பெண்களில் எலுமிச்சம்பழம் இல்லாத பை வைத்திருப்பவர் யார்?

"இருக்குது சார்," என்றாள்.

பக்கத்து இருக்கையில் ஒருவர் இறங்குவதற்காக எழுந்தார். ராஜாங்கத்துக்கு நன்றாகத் தெரிகிற மாதிரி அங்கே உட்கார்ந்து, பையிலிருந்து பழத்தை எடுத்து, நகத்தால் லேசாகக் கீறி, தன் மூக்குக்கு நேராக வைத்துக்கொண்டாள்.